லாரியின் இடது பக்கம்

திண்டுக்கல் நகரம் சாலைகளால் வளர்ந்த நகரம். வடக்கே கரூர்ச் சாலை, வடகிழக்கே திருச்சிச் சாலை, கிழக்கே நத்தம் சாலை, தெற்கே மதுரைச் சாலை, தென்மேற்கே வத்தலக்குண்டுச் சாலை, மேற்கே பழனிச் சாலை என்று ஜில்லாவின் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் பாதைகள் மலைக்கோட்டையைச் சுற்றி வந்து கூடுகின்றன. ஒட்டன்சத்திரத்துக் காய்கறி இந்தப் பாதைகளில்தான் கேரளத்துக்கும் பிற ஊர்களுக்கும் போகிறது. வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைகளின் பஞ்சும் நூலும், வெங்காய மார்க்கெட்டின் மூட்டைகளும், கிரஷர்களின் ஜல்லியும் எம்.சாண்டும் இவற்றில்தான் ஓடுகின்றன. சரக்கு ஓடினால்தான் ஊருக்குச் சோறு. அதை யாரும் மறுக்கவில்லை.

ஆனால் அதே சாலையில், அதே காலை எட்டு மணிக்கு, இன்னொரு கூட்டமும் ஓடுகிறது. பூட்டுப் பட்டறைக்குப் போகிறவர், தோல் ஷாப்புக்குப் போகிறவர், மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போகிறவர், கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு பால் ஊற்றப் போகிறவர், சர்க்கார் கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். இவர்களுக்கும் சரக்கு லாரிக்கும் நடுவில் இருப்பது சில சமயம் ஒரு முழம் இடம். சில சமயம் அதுவும் இல்லை.

பத்திரிகைகளில் நாலு வரியில் செய்தி வரும். “லாரி மோதி சைக்கிளில் சென்றவர் பலி. லாரி டிரைவர் கைது. போலீஸார் விசாரணை.” சில சமயம் இன்னொரு வாக்கியமும் சேரும்: “நிலைதடுமாறிக் கீழே விழுந்தார்.” இந்த “நிலைதடுமாறி” என்ற ஒரு சொல்லில் எத்தனை பேருடைய பொறுப்பு கழுவப்படுகிறது என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். அவர் ஏன் நிலைதடுமாறினார்? எதன் மேல் தடுமாறினார்? தடுமாறி விழுந்தவர் சிராய்ப்போடு எழுந்திருக்காமல் சக்கரத்தின் அடியில் போனது எப்படி? இந்தக் கேள்விகளை எந்த விசாரணையும் கேட்பதாகத் தெரியவில்லை.

மத்திய சர்க்கார் வெளியிட்ட கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நடந்து சென்றவர்கள் 32,000-க்கும் மேல். சைக்கிளில் சென்றவர்கள் 4,800-க்கும் மேல். அதாவது நாளொன்றுக்குச் சராசரி 13 சைக்கிள்காரர்கள். தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு 64,105 விபத்துக்கள். எண்ணிக்கையில் நாட்டிலேயே நமது மாநிலம்தான் முதலிடம். 17,884 பேர் மாண்டார்கள். இதில் சைக்கிள்காரர்களின் பங்கு நூற்றுக்கு மூன்றுதானே என்று சில உத்தியோகஸ்தர்கள் சொல்லக்கூடும். சைக்கிள் ஒருவரையும் கொல்வதில்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். புகை விடாமல், எண்ணெய் குடிக்காமல், யாருக்கும் தீங்கு செய்யாமல் போகிற ஒரே வண்டி அது. அதில் போகிறவர் நாளுக்குப் பதின்மூன்று பேர் சாவது எந்தக் கணக்கில் சின்னக் கணக்கு?

எப்படி நடக்கிறது?

இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் சைக்கிளில் போகிறவர்களில் பலருக்கும், லாரியில் உட்கார்ந்து பார்த்திராத அதிகாரிகளுக்கும் இது தெரிவதில்லை.

நமது நாட்டில் வண்டி இடது ஓரமாகப் போகிறது. டிரைவர் வலது பக்கம் உட்காருகிறார். சைக்கிள்காரர் எப்போதும் ஓரத்தில், அதாவது லாரியின் இடது பக்கத்தில் இருக்கிறார். ஆகவே டிரைவருக்கு மிகத் தூரமான மூலை எதுவோ, அங்கேதான் மிகவும் பலவீனமான மனிதர் வந்து நிற்கிறார். பெரிய லாரியில் டிரைவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய ஓர் ஆளுயரத்துக்கு மேலே இருக்கிறது. கதவு உயரம், டாஷ்போர்டு அகலம். முன் பம்பரை ஒட்டி நிற்கும் ஒரு பள்ளிப் பெண்ணின் தலை அவருக்குத் தெரியாது. இடது கதவை ஒட்டிச் சைக்கிளில் காலூன்றி நிற்பவரும் தெரியமாட்டார். கண்ணாடியில் ஒரு துண்டுச் சாலை தெரியும். அந்தத் துண்டுக்கு வெளியே இருப்பதெல்லாம் இருட்டு.

இந்த நிலையில் லாரி இடதுபக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. நீளமான வண்டி குறுகிய தெருமுனையில் நேராகத் திரும்பிவிட முடியாது. டிரைவர் முதலில் வலது பக்கம் கொஞ்சம் ஒதுக்கிப் பிடிக்கிறார். பின்னால் வரும் சைக்கிள்காரர் பார்க்கிறார்: லாரி வலது பக்கம் போகிறது, இடப்பக்கம் வழி கிடைத்துவிட்டது! உள்ளே நுழைகிறார். அந்த நிமிஷம் லாரி இடது பக்கம் மடிகிறது. முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போவதில்லை. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வருகிறது. வண்டி எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு வெட்டும். முன்சக்கரம் தாண்டிப் போய்விட்டதே என்று மூச்சு விட்டவர் பின்சக்கரத்துக்கும் நடைபாதைக் கல்லுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறார். டிரைவருக்கு ஒரு சின்ன அதிர்ச்சிகூடத் தெரியாமல் போகலாம். பத்து டன்னுக்கு மேல் கனக்கும் வண்டிக்கு ஒரு சைக்கிள் என்ன எடை?

இரண்டாவது வகை, நேர்ச் சாலையில் நடப்பது. லாரி சைக்கிளை முந்துகிறது. சைக்கிளின் முன்னே சாலையோரத்தில் மணல் குவிந்து கிடக்கிறது, அல்லது தார் உடைந்து அரை அடிப் பள்ளம், அல்லது மூடியில்லாத சாக்கடை. சைக்கிள்காரர் ஒரு சாண் வலது பக்கம் ஒடிக்கிறார். கைப்பிடி லாரியின் பாடியில் உரசுகிறது. அவர் லாரியின் பக்கமாகச் சாய்கிறார். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில் லாரியின் வயிறு திறந்து கிடக்கிறது. அந்தத் திறந்த இடத்தில் விழுந்தால் பின்சக்கரம் ஏறும். அங்கே ஓர் இரும்புத் தடுப்பு இருந்தால் தள்ளிவிடும், கை ஒடியும், உயிர் தப்பும்.

பத்திரிகை சொல்லும் “நிலைதடுமாறி” என்பது இதுதான்.

கிளீனர் எங்கே போனார்?

லாரிக்கு ஒரு காலத்தில் இடது கண் இருந்தது. அதற்குப் பெயர் கிளீனர். இடது கதவில் பாதி உடம்பை வெளியே நீட்டி, கதவைத் தட்டி, “வா, வா… ஓரத்துல சைக்கிள்… ஹோல்டான்… போ ரைட்!” என்று குரல் கொடுத்துக்கொண்டே வருவார். தெருமுனையில் இறங்கி நின்று ஜனங்களை ஒதுக்கிவிட்டு வண்டியைத் திருப்பச் சொல்வார். பெரும்பாலும் ஏழைக் குடும்பத்துப் பையன். படிப்பு நின்றுபோய், லாரிக்கு அடியில் படுத்துத் தூங்கித் தொழில் கற்றுக்கொண்டவன். அவனுக்குக் கிடைத்த கூலியும் மரியாதையும் சொற்பம். ஆனால் அவன் குரலால் எத்தனை சைக்கிள்காரர்கள் உயிர் பிழைத்து வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்பதை எந்தப் புள்ளிவிவரமும் எழுதிவைக்கவில்லை.

இன்று எத்தனை லாரிகளில் கிளீனர் இருக்கிறார்? டிரைவர்களைக் கேட்டுப் பாருங்கள். டீசல் விலை, சுங்கச் சாவடி, டயர், தவணை என்று அடுக்கிவிட்டு, எதில் மிச்சம் பிடிக்கலாம் என்று உரிமையாளர் கணக்குப் பார்த்தார். மிச்சம் பிடிக்க முடிந்தது மனிதனில் மட்டும்தான். கிளீனரை இறக்கிவிட்டார். லாரி ஒற்றைக் கண்ணோடு ஊருக்குள் வருகிறது. சின்ன உரிமையாளர்களில் பலர் தாங்களே டிரைவராகவும் இருப்பவர்கள். கடன்காரனுக்கும் புக்கிங் ஆபீசுக்கும் நடுவே நசுங்குகிறவர்கள். அவர்களைக் கொடுங்கோலர்கள் என்று நாம் சொல்லவில்லை. சரக்கை அனுப்புகிற பெரிய கம்பெனி வாடகையை அடிமாட்டு விலைக்குப் பேசுகிறது. அந்தக் குறைந்த வாடகையின் மீதிப் பங்கைச் சாலையில் சைக்கிள்காரர் கொடுக்கிறார். இதுதான் கணக்கு.

கிளீனருக்குப் பதிலாகக் கண்ணாடி வைக்கலாம், காமிரா வைக்கலாம், ஓரத்தில் ஆள் நின்றால் ஒலி எழுப்பும் கருவி வைக்கலாம். வைத்த நாடுகள் இருக்கின்றன. இடது வலது பக்கக் குருட்டு மூலைகளைக் காட்டும் கூடுதல் கண்ணாடிகளைப் புதிய லாரிகளில் கட்டாயமாக்க ஐரோப்பிய நாடுகள் 2003-இல் சட்டம் செய்தன. ஓடிக்கொண்டிருக்கும் பழைய லாரிகளிலும் 2009-க்குள் பொருத்த வேண்டும் என்று 2007-இல் இன்னொரு சட்டம் வந்தது. லண்டன் நகரம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 12 டன்னுக்கு மேற்பட்ட ஒவ்வொரு லாரியிலும் டிரைவரின் ஆசனத்திலிருந்து நேரடியாக எவ்வளவு தெரிகிறது என்று அளந்து, பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் போட்டார்கள். 2021 மார்ச் முதல், நட்சத்திரமே பெறாத லாரி காமிராவும் எச்சரிக்கைக் கருவியும் பொருத்தாமல் ஊருக்குள் வர முடியாது. 2024 அக்டோபரில் அந்த வரம்பை மூன்று நட்சத்திரமாக உயர்த்தினார்கள். லண்டன் ஒன்றும் சோஷலிச நகரமல்ல. உலக லேவாதேவியின் தலைநகரம். லாரியின் இடது பக்கத்தில் பெண்களும் மாணவர்களும் தொடர்ந்து நசுங்கியபோது அங்கே சைக்கிள்காரர்கள் தெருவில் படுத்து மறியல் செய்தார்கள். சட்டம் அதன் பிறகுதான் வந்தது.

நமது நாட்டில் சட்டமே இல்லையா? இருக்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் கன வாகனங்களுக்குப் பக்கவாட்டுத் தடுப்பும் பின்புறத் தடுப்பும் வேண்டும் என்கின்றன. பக்கவாட்டுத் தடுப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ். 14682 என்று இந்தியத் தர எண்ணே உண்டு. டிப்பர், டாங்கர் போன்ற வண்டிகளுக்கு மணிக்கு 60 கிலோ மீட்டர், மற்ற லாரிகளுக்கு 80 என்று வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டுமென 2015-இல் உத்தரவு வந்தது. காகிதத்தில் எல்லாம் சரிதான். பைபாஸ் ஓரமாக ஒரு மணி நேரம் நின்று, போகிற லாரிகளின் வயிற்றைப் பாருங்கள். எத்தனையில் ஒழுங்கான தடுப்பு இருக்கிறது, எத்தனையில் வளைந்து தொங்குகிறது, எத்தனையில் இருந்த இடமே தெரியவில்லை என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம். எஃப்.சி. பார்க்கும் அதிகாரிக்கு இது கண்ணில் படாத பொருளா?

இன்னொரு பக்கம், 2018 ஜூலையில் மத்திய சர்க்கார் லாரிகள் ஏற்றும் பாரத்தின் வரம்பை ஒரே உத்தரவில் நூற்றுக்கு 20 முதல் 25 வரை உயர்த்திற்று. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாயிற்று. சரக்குச் செலவு குறையும் என்று காரணம் சொன்னார்கள். பாரம் கூடினால் பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் கூடும் என்பதைப் பள்ளிப் பையனே சொல்வான்.

டிரைவரைத் தூக்கில் போட்டால் தீருமா?

விபத்து நடந்தவுடன் கூட்டம் கூடுகிறது, டிரைவரை அடிக்கிறது, அடிக்குப் பயந்து அவர் ஓடுகிறார். ஓடினால் பத்து வருஷம் சிறை என்று புதிய குற்றவியல் சட்டத்தின் 106-வது பிரிவில் எழுதினார்கள். முன்பிருந்த சட்டத்தில் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு இரண்டு வருஷம்தான். 2024 ஜனவரியின் முதல் நாட்களில் நாடு முழுவதும் லாரித் தொழிலாளர்கள் வண்டியை நிறுத்தினார்கள். பெட்ரோல் பங்குகள் காலியாயின. சர்க்கார் அந்த உட்பிரிவை நிறுத்திவைத்தது.

நசுங்கியவரின் குடும்பத்துக்கு இதில் கோபம் வருவது இயற்கை. “எங்கள் ஆளைக் கொன்றுவிட்டு ஓடியவனுக்காக நீங்கள் பரிந்து பேசுகிறீர்களா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. குடித்துவிட்டு ஓட்டியவனுக்கும், வேண்டுமென்றே வேகம் காட்டியவனுக்கும் தண்டனை வேண்டும். அடிபட்டவரை வீதியில் போட்டுவிட்டுப் போனவனுக்கும் வேண்டும். ஆனால் பதினாறு மணி நேரம் கண் விழித்து, தனியாக, கிளீனர் இல்லாமல், குருட்டு மூலையோடு ஓட்டியவருக்கு முன்னால் விசாரிக்கப்பட வேண்டிய ஆட்கள் வேறு சிலர் இருக்கிறார்கள்.

1961-இல் பார்லிமெண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நிறைவேற்றிற்று. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்றெல்லாம் அதில் உண்டு. ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது உள்ள நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தும். நமது நாட்டில் லாரித் தொழில் ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்பவர்களால் நடப்பது. ஆகவே சட்டம் ஒரு பக்கம் நின்றது, லாரி இன்னொரு பக்கம் ஓடியது. பிறகு 2020-இல் வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டத்தில் அதையும் சேர்த்துக் கரைத்துவிட்டார்கள். இப்போது புதிய லாரிகளில் டிரைவர் கேபினுக்குக் குளிர்சாதனம் வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் வண்டிகளுக்கு அது பொருந்தும். நல்லதுதான், வரவேற்கிறோம். சித்திரை வெயிலில் எஞ்சின் சூட்டில் வெந்துகொண்டே ஓட்டுகிறவனுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? ஆனால் குளிர்ந்த கேபினில் பதினாறு மணி நேரம் என்பதும் பதினாறு மணி நேரம்தான்.

இறந்தவரின் குடும்பத்துக்கு என்ன கிடைக்கிறது? மோதிய வண்டி எதுவென்று தெரியாவிட்டால் 2022 ஏப்ரல் வரை 25,000 ரூபாய். அதன் பிறகு இரண்டு லட்சம். ஒரு பூட்டுத் தொழிலாளி உயிரோடிருந்தால் இன்னும் இருபது வருஷம் சம்பாதித்திருப்பார். அந்த இருபது வருஷத்துக்கும் சேர்த்து இரண்டு லட்சம்.

சைக்கிளைக் கொடுத்தவர்கள்

தமிழ்நாட்டில் எந்தக் கட்சி ஆண்டாலும் பெருமை பேசிக்கொள்ளும் திட்டம் ஒன்று உண்டு. 2001-இல் ஒடுக்கப்பட்ட வகுப்பு மாணவிகளுக்கு இலவச சைக்கிள் என்று தொடங்கி, பிறகு சர்க்கார் பள்ளி, உதவி பெறும் பள்ளி மேல்நிலை மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரிந்தது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கான சைக்கிள்கள். கிராமத்திலிருந்து மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் பெண் பிள்ளைக்கு அந்தச் சைக்கிள் என்ன செய்தது என்பதை நாம் அறிவோம். பஸ்ஸுக்குக் காத்து நின்று படிப்பை நிறுத்தியவர்கள் எத்தனை பேர்! 1991-இல் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல் உடைக்கும் பெண்களும் வயல் வேலைப் பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். எழுத்தும் சைக்கிளும் ஒன்றாக வந்தன. அந்த மண்ணிலிருந்து பார்த்தால் பெண் கையில் சைக்கிள் என்பது சின்ன விஷயமல்ல.

ஆகவேதான் கேட்கிறோம்: சைக்கிளைக் கொடுத்த சர்க்கார் அது ஓடுவதற்குச் சாலையில் இடம் கொடுத்ததா? பதினாறு வயதுப் பெண்ணிடம் ஒரு வண்டியைக் கொடுத்து, டிப்பர் ஓடும் சாலையின் மணல் ஓரத்தில் விட்டுவிட்டால் கடமை முடிந்துவிட்டதா? நாலு வழிச் சாலை போட்டார்கள். ஊருக்கு ஊர் பாலம் கட்டினார்கள். பாலம் இல்லாத ஊர்க்காரர் எதிர்ப் பக்கம் போக ஒன்றிரண்டு மைல் சுற்ற வேண்டும் அல்லது நடுத் தடுப்பைத் தாண்ட வேண்டும். சர்வீஸ் ரோடு என்று ஒன்று போட்டார்கள். அதில் லாரிகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சைக்கிள்காரர் எங்கே போவார்? பழுதான வடிவமைப்பால் சாவு நேர்ந்தால் சாலை போட்ட கான்ட்ராக்டரும் அதிகாரியும் பொறுப்பு என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு வந்தது. அபராதம் அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய். கோடிகளில் சாலை போடுகிறவருக்கு ஒரு லட்சம்!

பழைய நாளில் முனிசிபாலிடிகள் சைக்கிளுக்கு வரி வாங்கின. தகர வில்லை கொடுப்பார்கள். வில்லை இல்லாவிட்டால் பிடிப்பார்கள், விளக்கில்லாவிட்டால் பிடிப்பார்கள், டபிள்ஸ் போனால் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள். வரி வாங்கிய காலத்திலும் சரி, வரியை விட்ட பிறகும் சரி, சைக்கிளுக்கென்று சாலையில் ஒரு கோடு கிழித்ததாக நமக்கு ஞாபகமில்லை.

சைக்கிளுக்கு இடம் கொடுப்பதற்குப் பதில் சைக்கிளையே விரட்டிவிடலாம் என்று எண்ணுகிறவர்களும் உண்டு. கல்கத்தாவில் 2013-இல் போலீஸ் அப்படித்தான் செய்தது. 174 சாலைகளில் சைக்கிள் கூடாது! பால்காரர், பேப்பர் போடுகிறவர், தொழிலாளி எல்லோருக்கும் அபராதம். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு சாலைகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். இந்த அபாயம் நமக்கும் தூரத்தில் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 138-வது பிரிவில் 2019-இல் ஓர் உட்பிரிவு சேர்த்தார்கள்: மோட்டார் இல்லாத வண்டிகளும் பாதசாரிகளும் பொதுச் சாலைகளில் எப்படிச் செல்வது என்று மாநில சர்க்கார் விதி செய்யலாம். கோயம்புத்தூர் எலும்பு முறிவு வைத்திய நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த வழக்கில், 2025 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் இந்த விதிகளை ஆறு மாதத்துக்குள் செய்யும்படி எல்லா மாநிலங்களுக்கும் கட்டளையிட்டது. நல்ல கட்டளை. ஆனால் “எப்படிச் செல்வது” என்பதை இரண்டு விதமாகவும் எழுதலாம். சைக்கிளுக்குத் தனித் தடம் விட்டும் எழுதலாம். சைக்கிள் இங்கே வராதே என்றும் எழுதலாம். எழுதுகிறவர்கள் காரில் போகிறவர்கள். 2011 ஜனக் கணக்கெடுப்பின்படி, விவசாயமும் வீட்டுத் தொழிலும் நீங்கலாக, வேலைக்குப் போகிற இந்தியர்களில் நூற்றுக்கு 13 பேர் சைக்கிளில் போனார்கள். அந்தப் பதின்மூன்று பேரில் ஒருவரையாவது கூப்பிட்டுக் கேட்டுவிட்டு விதி எழுதட்டும்.

ஹாலந்து தேசத்தில் இன்று ஊரெல்லாம் சைக்கிள் பாதை. ஏதோ அந்த ஜனங்களின் பிறவிக் குணம் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். 1971-இல் அந்தச் சின்ன தேசத்தின் சாலைகளில் ஏறத்தாழ 3,300 பேர் செத்தார்கள். அதில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். மகளைச் சாலையில் இழந்த ஒரு பத்திரிகையாளர் “குழந்தைக் கொலையை நிறுத்து” என்ற தலைப்பில் கட்டுரை எழுதினார். தாய்மார்கள் வீதிகளை மறித்தார்கள். அந்தப் பாதைகள் அப்படிப் பிறந்தவை. நமது நாட்டிலும் சென்னை மாநகராட்சி 2014-இல் நடப்போருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. கொள்கை இருந்தும் 2025 ஜூனில் பெரம்பூரில், தாயோடு ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போன பத்து வயதுச் சிறுமி தண்ணீர் லாரியின் அடியில் மாண்டாள். பள்ளி நேரத்தில் கன வாகனம் வரக் கூடாது என்ற கெடுபிடி அதன் பிறகே இறுகியது. திண்டுக்கல்லும் அப்படி ஒரு சாவுக்காகக் காத்திருக்க வேண்டுமா?

வியாபாரம் கெட்டுவிடுமாம்

இங்கே ஓர் ஆட்சேபம் வரும். “லாரியை நிறுத்தினால் காய்கறி அழுகும், வியாபாரம் கெடும், சுமைப்பணித் தொழிலாளிக்கே வேலை போகும்.” இதைத் தட்டிக் கழிக்க முடியாது. மார்க்கெட்டை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் நாம் கேட்பது லாரியை நிறுத்தச் சொல்லி அல்ல. பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்தில் ஒன்றரை மணி, விடும் நேரத்தில் ஒன்றரை மணி, ஊருக்குள் கன வாகனம் வேண்டாம் என்றுதான். கேரளத்தில் பல ஜில்லாக்களில் பள்ளி நேரத்தில் டிப்பர் ஓடத் தடை இருக்கிறது. அங்கே கட்டட வேலை நின்றுவிடவில்லை. நம் காய்கறியை வாங்குகிற ஊர் அது; அந்த ஊரின் விதியையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாமே! ஜல்லி அழுகாது. எம்.சாண்டும் அழுகாது. காய்கறி லாரிக்கு வேண்டுமானால் விலக்குக் கொடுங்கள்.

சைக்கிள்காரர்களிடமும் தப்பு இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. எதிர்த் திசையில் வருகிறவர் உண்டு. இருட்டில் விளக்கில்லாமல் வருகிறவர் உண்டு. நின்றுகொண்டிருக்கும் லாரியின் இடப்பக்கம் நுழைந்து முன்னே போய் நிற்கிறவர் பலர். இந்தக் கடைசிப் பழக்கத்தை மட்டும் இன்றே விட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு வாசகரையும் கேட்டுக்கொள்கிறோம். லாரியின் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால், நீங்கள் அவருக்குத் தெரியவில்லை. இதைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுக்கலாம். ஒரு லாரியை மைதானத்தில் நிறுத்தி, பிள்ளைகளை ஒவ்வொருவராக டிரைவர் ஆசனத்தில் ஏற்றி, கீழே நிற்கும் தோழர்களில் யார் தெரிகிறார், யார் தெரியவில்லை என்று பார்க்கச் செய்தால் போதும். லாரித் தொழிலாளர் சங்கத்தினர் இதற்கு வண்டி கொண்டுவர மாட்டோம் என்று சொல்ல மாட்டார்கள். சைக்கிள் வழங்கும் விழாவுக்கு மேடை, மாலை, மைக்செட் எல்லாம் ஏற்பாடு செய்கிறவர்கள், அதே நாளில் அதே மைதானத்தில் இந்த லாரியையும் நிறுத்தட்டும். ஒவ்வொரு சைக்கிளுக்கும் பின்னால் ஒரு சிவப்பு பிரதிபலிப்பானும் முன்னால் ஒரு விளக்கும் சேர்த்துக் கொடுக்கட்டும்.

மற்றவை சர்க்கார் செய்ய வேண்டியவை. மோட்டார் வாகனச் சட்டம் 115-வது பிரிவின்படி எந்தச் சாலையில் எந்த நேரத்தில் எந்த வண்டி போகலாம் என்று கட்டுப்படுத்தும் அதிகாரம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தி, பழனிச் சாலை, திருச்சிச் சாலை, வத்தலக்குண்டுச் சாலை ஆகியவற்றில் பள்ளி, கல்லூரி உள்ள பகுதிகளுக்கு நேரம் குறித்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் அதை நடத்திக்காட்ட வேண்டும். எங்கெங்கே அப்படித் தடை ஏற்கெனவே பலகையில் எழுதியிருக்கிறதோ, அங்கே போலீஸ்காரர் நிற்க வேண்டும். எஃப்.சி.க்கு வரும் லாரியில் பக்கத் தடுப்பும் இடப்பக்கக் கூடுதல் கண்ணாடியும் இல்லாவிட்டால் சான்று கிடையாது என்று ஒரே ஓர் ஆண்டு கண்டிப்பாக இருந்து பார்க்கட்டும். கிளீனர் இல்லாமல் பள்ளி நேரத்தில் டிப்பர் ஊருக்குள் நுழையக் கூடாது என்று ஆக்கினால், வேலையில்லாமல் நிற்கும் சில நூறு பேருக்கு வேலையும் கிடைக்கும். அவர்களுக்கு ஒழுங்கான கூலியும் வேண்டும். சாலையோர மணலை அள்ளுவதும், சாக்கடைக்கு மூடி போடுவதும் மாநகராட்சியின் தினசரி வேலை. அதற்குப் புதிய திட்டமோ உலக வங்கிக் கடனோ தேவையில்லை.

திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. பள்ளிக்கூடப் பெற்றோரும், பூட்டுத் தொழிலாளரும், தோல் தொழிலாளரும், லாரி டிரைவர்களும் தனித்தனியாக அல்லாமல் ஒரே மனுவோடு போவது நல்லது. மனுவில் தெருமுனைகளின் பெயரைக் குறிப்பிடுங்கள்: எந்த வளைவில் லாரி வெட்டித் திரும்புகிறது, எந்த இடத்தில் மணல் கிடக்கிறது, எந்தச் சாக்கடைக்கு மூடி இல்லை என்று. ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கும் முன்பு இதற்குப் பதில் வாங்கிவிட வேண்டும்.